இனிப்பு தெரியாத சமையல்காரன்

20 ஜனவரி 2025, திங்கள்

காப்பியில் சர்க்கரை இல்லை என்று தெருவே அதிரக் கத்தினேன். "மூணு கரண்டி போட்டிருக்கேன், கத்தாதீக" என்றாள் மீனம்மாள். முப்பது வருடமாக என்னைக் கட்டி மேய்ப்பவள், பொய் சொல்லமாட்டாள். டப்பாவைத் திறந்து ஒரு பிடி சர்க்கரையை அப்படியே வாயில் போட்டேன்.

ஆற்றுமணல்.

காரைக்குடிச் சீமையின் கல்யாணச் சமையல் சக்கரவர்த்தி, ஒரே சொட்டில் ஒன்பது அண்டாவுக்கு உப்புச் சொல்லும் இந்த வீரையாவுக்கா? ஜலதோஷமாகத்தான் இருக்கும்.

24 ஜனவரி

ஜலதோஷம் இல்லை. மூக்கு நன்றாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் கருவாடு வறுப்பது வரைக்கும் தெரிகிறது. மிளகாய் சுடுகிறது. புளி லேசாகப் புளிக்கிறது. இனிப்பு, உப்பு, கசப்பு மூன்றும் ஊரைவிட்டே ஓடிவிட்டன.

பிப்ரவரி பத்தாம் தேதி என் தங்கை மகள் சந்திரலேகாவுக்குக் கல்யாணம். ஆயிரம் இலை. "உன் கல்யாணச் சாப்பாட்டை உண்டவன் ஏழு தலைமுறைக்கு ஏப்பம் விடுவான்" என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே வாக்குக் கொடுத்தவன் நான்.

யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாகக் காளீஸ்வரிக்கு. பதினெட்டு வருடமாக என்னோடு சமைக்கிறாள். ஒருநாள்கூட அவளை உப்புப் பார்க்க விட்டதில்லை.

27 ஜனவரி

அமராவதிபுதூரில் காதுகுத்து விருந்து. கைக்கணக்கில் உப்பைப் போட்டேன். கண்ணை மூடி, ரசத்தை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சி, "ஆகா!" என்றேன். நடிப்புக்கு விருதே தரலாம்.

காளீஸ்வரி இலையில் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாள். "அண்ணே, ரசத்துல உப்பே இல்லையே?"

"வேணும்னுதான். ரத்தக்கொதிப்புக்காரங்க நிறைய வந்திருக்காக."

"காது குத்துற பிள்ளைக்குமா ரத்தக்கொதிப்பு?"

சிரித்து வைத்தேன். கரண்டியோடு அடுத்த அண்டாவைக் கிளறப் போனேன். அவள் நம்பினாளா?

30 ஜனவரி

சந்திரலேகா பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். அங்கே எலி நாக்கை வைத்து ருசி ஆராய்ச்சி செய்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரு சமையல்காரனுக்கு இப்படி ஆகிவிட்டதென்று பீடிகை போட்டேன்.

"நாக்குல மொட்டு மொட்டா இருக்குல்ல மாமா, அதுக்குள்ள ருசி செல்லு இருக்கு. இனிப்பு வந்து தொட்டா, அந்தச் செல்லு தனக்குள்ளயே பூட்டி வச்சிருக்க கால்சியத்தைத் திறந்துவிடும். அது பரவுனாத்தான் மூளைக்குச் சேதி போகும். கசப்புக்கும் இதே வழிதான். புளிப்புக்கு வேற செல்லு. அது கதவைத் திறந்து வெளிய இருக்க கால்சியத்தை உள்ள விடும். ஆனா மாமா—"

ஆனாவை யார் கேட்டது? கால்சியம்! உள்ளே இருப்புத் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நிரப்பினால் போயிற்று.

31 ஜனவரி

வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம் இல்லாமல் வேறென்ன? வெற்றிலையில்லாமல், பாக்கில்லாமல், சுண்டைக்காய் அளவு எடுத்து நாக்கில் தடவிக்கொண்டேன்.

நாக்கு வெந்துவிட்டது. எழுதத்தான் முடிகிறது.

1 பிப்ரவரி

ஆறிய கஞ்சி. இனி சாகும்வரை இப்படியேதானா?

3 பிப்ரவரி

சந்திரலேகா வந்து, வாயைத் திற என்றாள். திறந்தேன்.

"அந்தச் சமையல்காரர் நீங்கதானா! சுண்ணாம்பைத் தின்னா செல்லுக்குள்ள போயிருமா? வெந்துதான் போகும். உங்களுக்குக் கால்சியம் தீந்துபோச்சுன்னு யாரு சொன்னா?" திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று குடைந்தாள். எப்போதும் ஈரத்தில் கிடக்கும் கை. நகச்சொத்தை வந்து, ஆறு வாரமாக ஒரு மாத்திரை. மருந்துச் சீட்டோடு என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

இந்த மாத்திரையால் சிலருக்கு ருசி போவதுண்டு என்று டாக்டர் அதை நிறுத்தினார். ருசி செல்கள் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவைதானாம். வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பெரும்பாலும் திரும்பிவிடுமாம்.

"திரும்பாதவங்களும் உண்டா டாக்டர்?"

"ரொம்பக் குறைவு."

ஆக, உண்டு.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சமைக்கத் தெரியாத வீரையா என்றால் யார் அது? எனக்கு அந்த ஆளைத் தெரியாதே.

8 பிப்ரவரி

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன் மாமா" என்று கல்யாணப்பெண் மிரட்டிவிட்டாள். காளீஸ்வரியிடம் போனேன். அரசவை உரை ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "எனக்கு ருசி தெரியலை, காளீஸ்வரி."

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை நாளாண்ணே?"

"இருபது நாளாச்சு."

"அதான் அந்த ரசம்." தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நாளன்னைக்கு நான் உப்புப் பாக்கவா?"

தலையாட்டினேன்.

"பயமா இருக்காண்ணே?"

"எனக்கா!" என்றேன். ஒரு தேங்காயை எடுத்து உடைத்துக்கொண்டே, ஆமாம் என்றேன்.

10 பிப்ரவரி

கல்யாணம் நல்லபடி முடிந்தது. பதினாறு அண்டாவிலும் காளீஸ்வரிதான் பார்த்தாள். "இன்னும் அரைக்கை போடுங்க", "போதும், நிறுத்துங்க". சக்கரவர்த்தி சொன்னதைச் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

பால் பணியாரம் எடுத்துக்கொண்டேன். பாலில் நனைந்த பஞ்சு. எல்லாரும் அமிர்தம் என்றார்கள். நம்பினேன்.

2 மார்ச்

இன்றும் இல்லை. சர்க்கரை டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

23 மார்ச், ஞாயிறு

பள்ளத்தூரில் அறுபதாம் கல்யாணம். இப்போதெல்லாம் நான் காய் நறுக்குகிறேன். அண்டாப் பக்கம் போவதில்லை. பச்சடிக்கு வெள்ளரிக்காய் நறுக்கும்போது காளீஸ்வரி ஒரு துண்டைக் கடித்துத் துப்பினாள். "தூ! ஒரே கசப்பு. இதத் தூரப் போடுங்கண்ணே."

தூரப் போடத்தான் எடுத்தேன். ஓரத்தைக் கடித்தேன்.

கசந்தது.

பிரமையோ? இன்னொரு கடி. கசந்தது. தொண்டைவரை, காதுவரை கசந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு காம்புவரை முழுசும் தின்றேன்.

"அண்ணே, இந்தச் சாம்பாருக்கு உப்புப் போதும்ல?" என்று காளீஸ்வரி தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

உப்பை அவளே பார்க்கட்டும். அடுத்த வெள்ளரிக்காயை எடுத்தேன்.