தேரையைப் பார்க்காமல் எழுதியது

நேற்று அம்பாங்கில் நல்ல மழை. விட்ட பிறகு துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். லோங்காங் சாக்கடை ஓரத்தில், வாளிக்குப் பக்கத்தில், ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு வரம்பு. மருமகள் துடைப்பத்தைத் தேடி ஓடினாள். நான் குனிந்து இரண்டு விரலால் அதன் அக்குளைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே உறைத்தது. இருபது வருடத்துக்கு மேலாகத் தேரையைத் தொடாத கை. அது கர்ரக் கர்ரக் என்று கத்தியது. ஆண்தான்.

அக்குளை அமுக்கினால் ஆண் கத்தும், பெண் சும்மா இருக்கும். அதை முதன்முதலில் எனக்குக் காட்டிவிட்டு நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. "லேசா அமுக்கினாலே ஆம்பளைக்கு இந்தக் கத்தல். பொம்பள வாயத் தொறக்குதா பாரு. நம்ம வீடுங்க மாதிரியேதான் இல்ல?" நீ கண்ணை மூடி மூன்று வாரம் ஆகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வாய் வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு பெண் கர்ப்பமா என்று அறிய நம்மிடம் அப்போது தேரைதான் இருந்தது. அவளுடைய சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரம் கழித்துத் தேரையின் நீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்க வேண்டும். விந்தணு நெளிந்தால் அவள் கர்ப்பம். இப்போது சொன்னால் என் மருமகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

பெரிய டாக்டர் இதில் ஓர் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். இந்த ஊர்த் தேரைகளில் எந்த இனத்தை நம்பலாம், எது ஏமாற்றும் என்று. இனம் பிரிப்பது உன் பொறுப்பு. செமினியிலிருந்து ஒரு சீனக் கிழவர் கோணிப்பையில் கொண்டுவந்து கொட்டுவார். ஆற்றுத் தேரை, வயல் தவளை, கொழுத்த மாட்டுத் தவளை எல்லாம் அதில் கலந்து கிடக்கும். நீ பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குவது போலப் பொறுக்கி, வேண்டாததை அவர் பையிலேயே திருப்பி எறிவாய். ஊசி போடுவதும் பார்ப்பதும் எழுதுவதும் என் வேலை. சில பெண்களின் நீர் தேரைக்கு விஷம். அரை மணியில் மல்லாந்து, காலை உதைத்து, வாய் திறந்து செத்துப்போகும். அதையெல்லாம் வாளியில் அள்ளிக் கொண்டுபோய் எரிப்போம். கொல்வதற்குக் கூச்சப்படாத இடம் அது.

நீயும் கூச்சப்படுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் என் இடுப்பைக் கிள்ளியவனின் மூக்கைக் குடைக்காம்பால் உடைத்துவிட்டு, ரத்தத்தை அவன் சட்டையிலேயே துடைத்தவள் நீ. "கோவம் வந்தா அங்கயே எறக்கி வெச்சிடணும்டி. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா சோறு எறங்காது" என்பாய். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. நான் எதையும் இறக்கி வைத்ததில்லை.

மழைக்காலத்தில் ஆண் தேரைக்கு ஊசியே வேண்டாம், தானாகவே அதன் நீரில் விந்தணு இருக்கும். அதனால்தான் இரண்டு பார்வை. ஊசிக்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், அதில் எதுவும் இருக்கக் கூடாது. பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டம். புதிதாக வந்த தேரைகள் கதவோரம் எனாமல் தொட்டியில் இருக்கும், பல நாள் தனியே வைத்துத் தயாரானவை முற்றத்துக்கு அந்தப் பக்கம் மரக் கூண்டில் இருக்கும்.

அப்படியொரு மழைநாள். அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். காலையில் கிள்ளானிலிருந்து ஒரு கிளினிக் அனுப்பிய சிறுநீர் பாட்டில் வந்தது. வெளியே கொட்டுகிற மழையில் முற்றத்தைக் கடந்தால் தலை நனையும், தலைக்கு அப்போதுதான் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தேன். கைக்கெட்டிய தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். முதல் பார்வைக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதினேன். மூன்று மணி நேரம் கழித்து வைத்த கண்ணாடியில் கும்பல் கும்பலாக நெளிந்தது. கர்ப்பம் என்று சீட்டு எழுதி, சீல் குத்தி, நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

அந்த வாரமே நம் ஆய்வகத்துக்கு ஒரு வாளி வந்தது. அறுவை அறையிலிருந்து, மருந்து நீரில் மிதக்கும் ஒரு கருப்பை. லேபிளில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு நீ பதிவேட்டைப் புரட்டினாய். செல்வி, இருபத்திரண்டு வயது, மணமாகாதவள், கிள்ளான். டாக்டர் கத்தியால் பிளந்தார். உள்ளே பிள்ளை இல்லை, பிள்ளை இருந்த அடையாளமும் இல்லை. தேங்காய் அளவில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு சதைக்கட்டி. அதன் மேலிருந்த ரத்தக் குழாய் வெடித்திருந்தது. உதை வாங்கி வெடித்தது.

வார்டில் அவளுடைய அம்மா நடந்ததைச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கிளினிக்கில் கொடுத்த சீட்டை லோரி ஓட்டும் மகனிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவன் படித்தான். படித்துவிட்டுத் தங்கையின் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்து, வயிற்றிலேயே மிதித்தான். யார் என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். யாருமே இல்லையே, அவள் என்ன சொல்வாள்?

நீ என்னை எரிப்பறைப் பக்கம் இழுத்துப் போனாய். "மொதப் பார்வ பாத்தியா?"

நான் எரிப்பறைக் கதவையே பார்த்தேன்.

"பாத்தியாடி?"

"பாக்கல."

உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கே கிடந்த காலி வாளியை எட்டி உதைத்தாய், அது சுவரில் மோதி நசுங்கியது. நான் அழுதேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலை போனால் அதுவும் போய்விடும் என்று அழுதேன். ஒருத்தியின் கருப்பை வாளியில் கிடக்க, நான் என் கல்யாணத்துக்கு அழுதேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செல்வி பிழைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அண்ணன்காரனோ, அவள் பிள்ளையைக் கலைத்துவிட்டாள், டாக்டர்கள் மூடி மறைக்கிறார்கள், வாசல் மிதித்தால் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கையில் சீல் குத்திய சீட்டு இருக்கிறதே! அந்தச் சீட்டு பொய் என்று அதை எழுதிய இடத்திலிருந்தே யாராவது போய்ச் சொன்னால்தான் அவள் உயிரோடு இருப்பாள். வியாழக்கிழமை நீ என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனாய்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் பலகை வீடு. அவன் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதும், ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து சீட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது நீங்க குடுத்ததுதானே? சீல் இருக்கா இல்லயா?"

"இருக்கு. ஆனா அது தப்பு" என்றாய். "தேரைய முன்னாடியே பாத்திருக்கணும். பாக்காமப் போட்ட ஊசி அது. உங்க தங்கச்சி வயித்துல இருந்தது வெறும் கட்டி."

அவன் எழுந்தான். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"யாரு பாக்காமப் போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"நாந்தான்."

அவன் அடித்த அடியில் நீ கதவோடு போய் விழுந்தாய். முன்பல் இரண்டு தரையில் தெறித்தன. அவன் இன்னொரு முறை கையை ஓங்கிக்கொண்டு வந்தான். நீ பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பை எடுத்து அவன் நெற்றியில் இறக்கினாய். அவன் சோற்றுத் தட்டின் மேலேயே உட்கார்ந்தான். ரத்தம் அவன் கண்ணில் வழிந்தது. வாயில் ரத்தத்தோடு நீ கத்தினாய்: "நான் பண்ணுனது தப்பு, அடிச்சிட்ட, சரி. நீ மிதிச்சியே, அதுக்கு யாருடா ஒன்ன அடிக்கிறது?" அவனுடைய அம்மா சீட்டை எடுத்து அடுப்பில் போட்டார். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினான். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கதவோரத்தில் ஒதுங்கி நின்று, என் சேலை நுனியில் ரத்தம் படாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய டாக்டரிடமும் நீயே சொன்னாய். "மொதப் பார்வ பாக்காமயே 'இல்ல'ன்னு சொன்னது நாந்தான், அவ என்னை நம்பி எழுதிட்டா" என்று. மூன்று மாதம் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் உன் கையைப் பிடித்ததற்கு, "ஒரு பொண்ணு வாழ்க்க போனது போதும்லா. போய்க் கல்யாணத்தப் பண்ணு" என்றாய். நான் போய்ப் பண்ணிக்கொண்டேன். பத்துமலையில், மேளதாளத்தோடு. பந்தியில் நீ வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய்.

செல்வி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நீ இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அவளைக் கூட்டி வந்தாய். உன் அப்பா முணுமுணுத்தார், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் இரண்டு வருடம் அவள் உன்னைப் படுத்திய பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். வெறி வந்தால் தட்டை எறிவாள், உன் தோளில் பல் பதியக் கடிப்பாள். "ஒன்னாலதான்டி என் வயிறு காலியாச்சு" என்று உன் மாரில் குத்துவாள். நீ தடுக்க மாட்டாய். பஸ்ஸில் மூக்கை உடைத்தவள், கையைக் கட்டிக்கொண்டு அவளிடம் வாங்கிக்கொள்வாய். ஒரு ஞாயிறு நான் உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் சுடுதண்ணீரை உன் கையில் ஊற்றினாள். நான் மருந்து தடவினேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. பிறகு அவள் மெல்ல அடங்கினாள். உன்னை அக்கா என்றாள், என்னையும் அக்கா என்றாள். எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் பாதிக் குழம்பை அப்படியே தட்டில் விட்டுவிடுவேன்.

தேரைகள் போய், எண்பதுகளில் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வந்ததும் நீ கேட்டு வாங்கி அந்தப் பிரிவுக்குப் போனாய். கருப்பைக் கட்டிகளை மாதாமாதம் அளந்து, எது வளர்கிறது, எது சுருங்குகிறது என்று கண்டறியும் ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டாய். மணமாகாத பெண் வந்தால் அம்மாவையும் உள்ளே கூப்பிடுவாய். சாம்பல் திரையில் விரலை வைத்து, "நல்லாப் பாருங்க. இது கொழந்த இல்ல, கட்டி. வீட்ல ஆம்பளைங்க கேட்டா இதக் காட்டுங்க" என்று படத்தைக் கையில் திணிப்பாய். ஒருமுறை நடையிலேயே மகளை அடிக்கக் கை ஓங்கிய அப்பனின் மணிக்கட்டைத் திருகிவிட்டாய் என்று புகார் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நீ யாருக்காக அங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் நின்றாய்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது நீ என்னைச் சொல்லிக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயோ என்னவோ. ரத்தக் கொதிப்பில் நீ விழுந்த அன்றுகூட என் பெயரைத்தான் கேட்டாயாம். நான் வருவதற்குள் பேச்சு போய்விட்டது.

இனி, நான் சொல்ல வந்தது. போன வியாழக்கிழமை உன் பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் அங்கங்கே நரை. நான் அவள் பக்கத்தில் போய் நின்று சொல்லிவிட்டேன். தேரையை எடுத்தது நான், பார்க்காமல் எழுதியது நான், நீ கடைசி வரை வாயே திறக்கவில்லை, எனக்காகப் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று. ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு என் கன்னத்தில் அறைந்தாள். என் கண்ணாடி பறந்து போய் விழுந்தது.

"நீங்க தேரையப் பாக்காததுக்கு இல்ல" என்றாள். "நான் அவங்களக் கடிச்சப்ப, சுடுதண்ணி ஊத்துனப்ப, நீங்க அந்த நாக்காலில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே, அதுக்கு. அவங்களுக்கு விழுந்ததெல்லாம் ஒங்க அடி. செத்தவங்ககிட்ட நான் இப்ப எப்புடிக்கா மன்னிப்புக் கேப்பேன்?"

சொல்லிவிட்டு அடுத்த கன்னத்திலும் அறைந்தாள். நான் கையை உயர்த்தவில்லை. உன்னைப் போலக் கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். நீ எத்தனை வாங்கினாயோ, இரண்டிலேயே நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே கண்ணாடியைப் பொறுக்கி, துடைத்து, அவளே என் மூக்கில் மாட்டிவிட்டாள். வாசல் வரை வந்தாள்.

"அடுத்த வாரமும் வாங்க" என்றாள். "வராம இருந்துடாதீங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல."

நாளை வியாழன். போகிறேன்.