அஞ்சாவது மாடிப் பூனை

பினாங்கு

அன்பு மகன் கோகிலனுக்கு,

அம்மா எழுதுறேன். கடல் தாண்டி மீரியில நீ சுகமா வேலை செஞ்சுக்கிட்டு இருப்பேன்னு மாரியம்மனை நம்பி ஆரம்பிக்கிறேன். நாங்களும் சுகம்னு எழுதத்தான் ஆசை, ஆனா அதுல பாதிதான் உண்மை ஐயா. போன்ல சொல்லலாம்னா அப்பா பக்கத்துலயே உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருக்காரு, அதான் லெட்டர். நம்ம பிளாட்ல லிப்ட் கெட்டுப்போய் மூணு வாரம் கெடந்துச்சு. அன்னையிலிருந்து உங்க அப்பா திடீர்னு ரொம்ப நல்ல மனுஷனாயிட்டாரு. இத்தனை வருஷமா யார் மூஞ்சியையும் ஏறெடுத்துப் பாக்காதவரு, ஜாகா காவல் வேலை முடிஞ்சு வந்தா ஒவ்வொரு மாடியிலயும் நின்னு குசலம் விசாரிக்கிறாரு. எட்டாவது மாடிக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் வச்ச ரசம் ஆறிப்போகுது. பிளாட் சங்கத் தேர்தல்ல நிக்கப் போறீங்களான்னு நானும் கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் அஞ்சாவது மாடி ஹாஜரா அக்கா பாசார்ல காய் வாங்கிக்கிட்டு இருந்த என்னைப் புடிச்சு, உன் வீட்டுக்காரர் தினமும் எங்க பூனை சுகமான்னு கேக்குறாரு, அது நோன்புப் பெருநாளைக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. இவரு பதிலைக் கேக்குறதே இல்லையாம், சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நெஞ்சைத் தடவிக்கிட்டு வேர்த்து ஊத்த நிக்கிறாராம். கேலி பண்ணுன என் வாயிலயே போட்டுக்கிட்டேன்.

மறுநாளே தரதரன்னு கிளினிக்குக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். பிரஷர் ஏறிக் கெடக்கு, சர்க்கரை கூடி இனிப்பு நீரும் இருக்கு, இருதயத்துல அடைப்பு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு டாக்டர் பொண்ணு சொல்லிடுச்சு. இவரு, லீவு போட்டா சம்பளத்துல வெட்டிடுவான்லா, அதோட உங்க மெஷினும் எங்க லிப்ட் மாதிரிதான்னு அதுகிட்டயே சொல்றாரு! டபுள் ஷிப்ட், காலையில எண்ணெய் வழியுற ரொட்டி சானாய், மணிக்கொரு தே தாரேக் டீ, சிகரெட் வேற, இருதயம் என்ன இரும்பா? முறைச்சுக்கிட்டே வீட்டுக்குத் திரும்பினோம். வந்து பாத்தா படிக்கட்டுல மாடிக்கு மாடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் ஹாஜரா அக்கா ஏற்பாடு. நான் என்ன கிழவனான்னு ரெண்டு மாடி வீறாப்பா ஏறுனாரு, மூணாவதுல தொப்புன்னு உக்காந்துட்டாரு. அஞ்சாவதுல அக்கா சீனி போடாத தே கொண்டாந்து குடுத்தாங்க. குடிச்சுட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சேன் ரமணின்னு சொல்லி அழுதுட்டாரு ஐயா. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு அவரே சொன்னாரு.

அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அவருக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். அன்னைக்குக் காலையில மறக்காம போன் பண்ணு, நெஞ்சைப் பத்தி எதுவும் கேக்காத, சும்மா பேசு, உன் குரல் கேட்டா போதும். நீயும் அங்க பிரஷர் பாத்துடு, அப்பாகிட்டருந்து மூக்கு மட்டும்தான் உனக்கு வந்திருக்குன்னு நெனச்சுக்காத. நேத்து லிப்ட் சரியாயிடுச்சு. இருந்தும் அப்பா அஞ்சாவது மாடியில எறங்கி, பூனைக்குத் துக்கம் விசாரிச்சுட்டுத்தான் மேல வந்தாரு.

நீண்ட ஆயுசோட நல்லா இருப்பா.

உன் அம்மா,
ரமணி