பூரியின் வாயில் தொங்கிய நூல்

சம்பந்தியம்மா, நேற்று சாயங்காலம் மகாபலிபுரம் கடற்கரையில் என் காலில் ஒரு தூண்டில் நூல் சுற்றிக்கொண்டது. அடுத்த அடி வைக்காமல் நின்றுவிட்டேன். என் மகன் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு, "நூலுதாம்மா. பாம்பா கீது? இன்னாத்துக்கு இப்டி நடுங்குற?" என்று சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும். அந்த ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது நீங்களும் நானும்தானே.

அன்றைக்கு அவன் தூண்டிலைப் பின்பக்கச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கொக்கியில் இறால் துண்டு இருந்திருக்கிறது. மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. பேத்தியின் பூனை பூரி எச்சில் ஒழுக வந்து என் புடவையில் முகத்தைத் தேய்த்தது. வாயோரத்தில் அறுந்த தூண்டில் நூல் ஒரு முழம் தொங்கியது.

நான் ஐந்தாவதுதான் படித்தவள். ஆனால் அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசையில் யார் தொண்டையில் மீன் முள் சிக்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். ஒரு சோற்று உருண்டையை முழுங்கச் சொல்வேன், இறங்கிவிடும். அதே நினைப்பில் சோற்றை உருட்டிக்கொண்டு குனிந்தேன். மகளைப் பார்க்க வந்திருந்த நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். மீன் சமைக்கிற நாளில் மாடிக்குப் போய்விடுகிறவர் நீங்கள். அதுவரை என்னைத் தொட்டதுகூட இல்லை.

"இது மீன் முள்ளு இல்லீங்க, தூண்டில் கொக்கி. சோறு போனா அதுவும் கூடவே போயிருமுங்க."

செங்கல்பட்டில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் போனில் பிடித்ததும் நீங்கள்தான். நூலை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், உள்ளே போகவும் விடாதீர்கள், தண்ணீர்கூடத் தராமல் உடனே கொண்டு வாருங்கள் என்றார்.

பூரியைத் துண்டில் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். நூலின் நுனி உங்கள் கையில்.

"குலுக்காத போப்பா" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"ரோடு அப்டித்தான் கீது ஆயா. உள்ள புள்ளத்தாச்சி கீறாங்கன்னு நெனச்சிக்கினுதான் ஓட்றேன்."

"அப்படியே நெனச்சுட்டு ஓட்டு சாமி" என்றீர்கள், பூரியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அது முழுங்கும்போதெல்லாம் நூல் உங்கள் விரலுக்கு நடுவே கொஞ்சம் உள்ளே நகரும். இறுக்கினால் கொக்கி கிழிக்கும். விட்டால் வயிற்றுக்குப் போய்விடும். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, உங்கள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் "வருதுங்க" என்பீர்கள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பூரி கத்துவதை நிறுத்திவிட்டது. கத்தினதைவிட அதுதான் பயமாக இருந்தது. சாயங்காலம் பேத்தி வந்து பூரி எங்கே என்றால் என்ன சொல்வேன்?

"மூச்சு கீதா பாருங்க சம்பந்தியம்மா."

"இருக்குதுங்க. என்ற விரல்ல நூலு ஆடுது."

செங்கல்பட்டில் டாக்டர் பூரியை வாங்கிக்கொள்ள வந்தபோது உங்கள் விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். நூல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. மயக்க ஊசி போடப் போகிறோம், தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று கதவைச் சாத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கையை முகர்ந்தீர்கள்.

"இந்த மீன் நாத்தம் எப்பங்க போகும்?"

"எனுக்கு இன்னும் போவல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கீது" என்றேன்.

சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்தீர்கள். அது சாத்தியே இருந்தது.

வெகுநேரம் கழித்து, கொக்கியை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார் டாக்டர். யாராவது இழுத்திருந்தால் தொண்டையே கிழிந்திருக்கும் என்றார். அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள்.

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து, உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. நாங்கள் ரயிலில் இருக்கும்போதே அடுத்த போனும் வந்துவிட்டது. அந்தக் கையை இன்னொரு தரம் பிடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பூரிக்கு வயதாகிவிட்டது, அடிக்கடி இருமுகிறது. அது இருமினால் என் கை முதலில் பக்கத்தில் உங்களைத்தான் தேடுகிறது. யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைக்கிறது. பிறகு நானே குனிந்து, பயந்துகொண்டே, அதன் வாயைத் திறந்து பார்க்கிறேன்.