ஜெயா தப்பாக நொண்டினாள்

ஆவணி, புதன்கிழமை

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் ஜெயா என் எதிரே நின்று என்னைப் போல் நொண்டிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பள்ளிக்கூடத்தை விட்டேன். மில்லையும் விட முடியாது.

"எனக்கு இடது காலுதான் குட்டை. நீ வலதுலல்லா நொண்டுதே," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"எதுக்க நின்னு பாத்தா அப்படித்தாம்ட்டி தெரியும்."

கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் படித்திருக்கிறாள்.

"அப்ப பின்னால வா. ஒழுங்காப் படிச்சுக்கோ."

கூடத்தின் குறுக்கே என் வேகத்தில் நடந்தேன். பின்னால் அதேபோல் நொண்டி வந்தவள் பாதியிலேயே தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, இடுப்பு எம்புட்டு வலிக்கு! பாவம்ட்டி நீ."

சிரிப்பைவிட அந்தப் பாவம்தான் சுட்டது.

"எனக்கு வலிக்கல. இது என் நடை. உனக்குத்தான் வரல."

ஷிப்ட் முடிந்தால் எப்போதும் கடைசி ஆளாகத்தான் கிளம்புவேன், என் நடையை யாரும் பின்னாலிருந்து பார்க்கக் கூடாதென்று. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. திரும்பவில்லை. நாளைக்கும் முன்னால்தான் போவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.