வெள்ளரிக்காய் கடிக்கும் சத்தம்

வெள்ளரிக்காய்ப் பைத்தியமான என் அண்ணிக்கு,

நாளைக்குத் தீபம். நீங்கள் இல்லாமல் வரும் முதல் கார்த்திகை. இந்த வருஷம் நம் வீட்டில் விளக்கு வரிசை வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தெருவே ஜொலிக்க, நம் வாசல் மட்டும் இருட்டாக இருக்கும். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

எதிர்வீட்டில் டி.வி. வந்துவிட்டது அண்ணி. ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கேதான். திங்கட்கிழமை, "கண்ணு எரியுதுக்கா"னு ஒவ்வொருத்தியாக என்னிடம் வருகிறாள். நான் என்ன டாக்டரா? நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் சொல்லி அனுப்புகிறேன். ஈரத்துணி, மூடிய இமைமேல் நந்தியாவட்டைப் பூ, இல்லாவிட்டால் வெள்ளரி வில்லை. வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பதையும் சேர்த்து.

தையல் மெஷினில் குனிந்து குனிந்து என் கண் கோவைப்பழமாகச் சிவந்த வருஷம் நினைவிருக்கிறதா? டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, கண்ணை மூடிப் படுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் தீபம். பிறந்ததிலிருந்து நான் தவறவிட்டதே இல்லை. அழுதேன்.

"அழுதா இன்னும் எரியும். மூடிக்கினு படு. மல எங்கியும் போவாது"னு அதட்டினீர்கள்.

அண்ணன் கீழ்பென்னாத்தூர் சந்தையில் தேடி வாங்கி வரும் வெள்ளரிக்காயில் என் கண்ணுக்கு இரண்டு வில்லை. மிச்சம் முழுக்க உப்பு, மிளகாய்த்தூளோடு உங்கள் வாய்க்கு. கண்மூடிக் கிடந்த எனக்கு அந்த நறுக் நறுக் சத்தம்தான் துணை.

தீபத்தன்று சத்தமே இல்லை. மலைமேல் தீபம் பார்த்த பிறகுதானே விரதம் விடுவோம்? சாயங்காலம் ஊரே "அரோகரா" என்றது.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

என் நெற்றியிலிருந்த கையை எடுக்காமலே சொன்னீர்கள். இனிக் கடிப்பீர்கள் என்று காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

மறுநாள் எரிச்சல் கம்மியானதும் கைபிடித்து மாடிக்கு அழைத்துப் போனீர்கள். உச்சியில் தீபம் எரிந்துகொண்டுதான் இருந்தது. என்னோடு சேர்ந்து நீங்களும் அப்போதுதான் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு முந்தானையிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து, நறுக்கென்று கடித்தீர்கள்.

"நேத்தே பாத்துட்டேன்னீங்களே?"

"உன்ன வுட்டுட்டு எனக்கு மட்டும் இன்னாடி தீபம்? பசிக்குது, வா."

இவ்வளவு பிரியத்தை எங்கே வைத்திருந்தீர்கள் அண்ணி?

நீங்கள் போனதிலிருந்து அண்ணன் மாடி ஏறவில்லை. கண் எந்நேரமும் சிவந்தே இருக்கிறது. கேட்டால், "தூசு வுழுந்துட்ச்சிம்மா" என்கிறார். இத்தனை மாசமாகவா ஒரு தூசு விழும்? நேற்று அவர் கண்மேல் வெள்ளரி வில்லை வைத்தேன். மிச்சத்தைத் தின்ன ஆளில்லாமல் தட்டிலேயே வாடியது. "தீபம் நீ போய்ப் பாரு. எனக்கு வேணாம்மா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாளை நானும் விரதம். அண்ணன் மாடிக்கு வந்து நிமிர்ந்து பார்க்கிற வரை நானும் உச்சியைப் பார்க்க மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன். தங்கை பட்டினி கிடப்பதை அவரால் தாங்க முடியாது, உங்களுக்குத் தெரியாததா? முந்தானையில் ஒரு வெள்ளரித் துண்டு முடிந்து வைத்திருப்பேன். அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. கடிக்கிற சத்தம் உங்களுக்குக் கேட்கும். சத்தியம் அண்ணி.

நாத்தனாராக இருந்து உங்கள் மகளாகிப்போன,
சரசு