எட்டுக் கிலோத் துப்பாக்கியும் தூக்காத கையும்

இன்று காலை சலவை இயந்திரத்தின் கதவு ரப்பர் மடிப்புக்குள் ஒரு வெள்ளைக் குண்டு கிடந்தது. மிளகை விடச் சற்றுப் பெரிது. உன் விளையாட்டுத் துப்பாக்கி மழைபோலக் கொட்டியது இதைத்தான். நாம் கடைசியாகக் காட்டுக்கு விளையாடப் போய் ஒரு வருடமாகிறது. நீ போய் ஏழு மாதம். இதற்கிடையில் எத்தனை தரம் உடுப்புத் தோய்த்திருப்பேன். இது இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் அப்படியே இருந்துவிட்டேன். ஈர உடுப்பு இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கிறது. எழுந்து அதைக் காயப்போடக்கூட மனம் வரவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கியை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாடும் ஏர்சொஃப்ட் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். என் கையில் முருங்கைக்காய்ப் பை. கடைக்காரத் தாடிக்காரன் எங்கள் இருவரையும் பார்த்தான். கைத்துப்பாக்கிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, "யாருக்குப் பரிசு?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டான். நீ அவனுடைய தலைக்கு மேலே சுவரில் தொங்கியதைக் காட்டினாய். இரண்டு காலும், கீழே இரண்டாயிரத்து ஐந்நூறு குண்டு பிடிக்கும் பெட்டியும் வைத்த இயந்திரத் துப்பாக்கி. தரையில் நிறுத்தினால் அது உன் இடுப்பையும் தாண்டும்.

"அது பாரம்," என்றான் அவன்.

"எவ்வளவு?"

"எட்டுக் கிலோ."

"நான் முதியோர் இல்லத்தில் தாதி. எண்பது கிலோ மனிதர்களை ஒரு நாளைக்கு ஆறு தரம் புரட்டிப் படுக்கவைக்கிறேன்," என்றாய். அவன் மறுபேச்சில்லாமல் ஏணியை எடுத்துவந்தான். அதோடு ஒரு காட்டுப் பச்சைக் காற்சட்டையும் வாங்கினாய். ஆண்களின் அளவுதான் இருந்தது. "அம்மா ஒடுக்கித் தருவா," என்று சொல்லிச் சிரித்தாய்.

இந்த ஊரில் அப்படி ஒரு சாமானை வெளியில் தெரியக் கொண்டுபோகக் கூடாது. அதிலும் எங்களைப் போன்ற முகங்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கிய கீபோர்ட் உறையில் வைத்து, சுரங்க ரயிலில் அம்மருட் வரைக்கும் கொண்டுபோனோம். எதிரே இருந்த ஒரு கிழவி, என்ன வாசிப்பீர்கள் என்று கேட்டார். "எல்லாம் வாசிப்போம்," என்றாய் நீ. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு நொந்துவிட்டது.

உன் வீட்டில் உறையைத் திறந்தபோது உன் அம்மா சிரிக்கவில்லை. முதலில் போய் யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினார். பதினோராம் மாடி. எதிரே வானம் மட்டும்தான். மூடிவிட்டுத்தான் கேட்டார்: "ஆரும் கண்டவையோ?"

"இது விளையாட்டுத் துவக்கு அம்மா. பிளாஸ்டிக் குண்டு."

"கண்டவைக்கு அது தெரியுமோ?"

அன்றிலிருந்து துப்பாக்கி புருசெத்தில் என் வீட்டு நிலவறைப் பெட்டியறைக்குக் குடிவந்தது. ஆனால் காற்சட்டையை உன் அம்மா ஒடுக்கித் தந்தார். இங்குள்ள தமிழரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர். தையல் வேலை என்று வந்தால் கோபம் எல்லாம் பிறகுதான்.

காட்டு விளையாட்டின் முதல் ஞாயிறு நான் செய்த கள்ளத்தனத்தை நீ மறந்திருக்கமாட்டாய். அந்த விளையாட்டில் குண்டு பட்டால் காயமும் இல்லை, அடையாளமும் இல்லை. பட்டவரே கையைத் தூக்கி "த்ரெஃப்!", பட்டுவிட்டது, என்று கத்திவிட்டு வெளியே போகவேண்டும். முழு விளையாட்டும் அந்த ஒரு நேர்மையில்தான் நிற்கிறது. எனக்கு முழங்கைக்கு மேல் பட்டது. சுள்ளென்று உணர்ந்தேன். யாரும் காணவில்லை என்று நினைத்துத் தொடர்ந்து சுட்டேன். நாங்கள் வென்றோம், அணியில் இருந்த நோர்வேக்காரப் பெடியள் என் முதுகில் தட்டினார்கள். ரயிலில் திரும்பும்போது நீ கேட்டாய்.

"உனக்குப் பட்டதுதானே?"

"ஓம்."

"கண்டனான்."

"கண்டால் ஏன் சொல்லேல்லை?"

"மற்றாக்களுக்குப் பட்டதை நாங்கள் சொல்லேலாதடி. அது ரூல். நீதான் கையைத் தூக்கவேணும்."

எனக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகு இலை உரசினால்கூடக் கையைத் தூக்கினேன். நீ கேலி செய்யும் அளவுக்கு. மற்றவருக்குப் பட்டதைச் சொல்லக்கூடாது என்ற அந்த விதியையும் நான் அவ்வளவு நன்றாகப் பழகிக்கொண்டேன். பாழாய்ப் போன விதி.

எத்தனை ஞாயிறுகள்! மரக்குற்றிக்குப் பின்னால் நீ குப்புறப் படுத்திருப்பாய். மோட்டார் உறும, எதிர்ப்பக்கம் ஒருவனும் தலை தூக்க முடியாது. அந்த நேரத்தில்தான் நாங்கள் ஓடி முன்னேறுவோம். "ஓடு, ஓடு, நான் இருக்கிறன்!" என்று பின்னாலிருந்து உன் குரல் வரும். தமிழில் கத்துவாய். நோர்வேக்காரப் பெடியளுக்கும் "ஓடு" என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. வீட்டில், வேலையில், கோயிலில், எல்லா இடத்திலும் அடக்கமான பிள்ளை நீ. அந்தக் குற்றிக்குப் பின்னால் மட்டும் உன்னுடைய உண்மையான சத்தத்தை நான் கேட்டேன்.

பிறகு போன வருடச் சித்திரை மாதம். மர நிழல்களில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து குற்றிவரைக்கும் ஐந்நூறு அடி இருக்கும். நீ முப்பது அடி நடந்துவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தாய். திரும்பத் தூக்கினாய். இன்னும் முப்பது அடி. திரும்ப வைத்தாய். உன் மேலுதட்டில் வியர்வை. அந்தக் குளிரில்.

"பற்றரி சரியில்லை போல. பாப்பம்," என்று சொல்லிக் குனிந்தாய்.

பற்றரியைக் கழற்றி நான் பார்த்தேன். முழுதாக ஏறியிருந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நீ தடுக்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளும் அதை வேறொருவர் தொடவிடாதவள், தடுக்கவில்லை. மதியம் நான் கொண்டுபோன மட்டன் ரோல்ஸில் நாலு சாப்பிடுகிறவள் ஒன்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தாய்.

"மெலிஞ்சு போனாய்," என்றேன்.

"வேலை கூடவடி. அங்க வேலைக்கு ஆக்கள் காணாது."

"டொக்டரிட்டப் போனியோ?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. நான் விழுங்கிவிட்டேன். அவள் தாதி, அவளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அவளுக்கு ஏதாவது என்றால் அவளே சொல்லுவாள், நான் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். வைகாசியிலும் துப்பாக்கியை நான்தான் தூக்கினேன். அப்போதும் கேட்கவில்லை. நாம் இருவரும் பற்றரியைப் பற்றியே கதைத்துக்கொண்டோம். புதிதாக ஒன்று வாங்குவோம் என்றுகூடச் சொன்னேன். எவ்வளவு பெரிய கோழை நான்.

ஆடியில் நீ வேலையில் விழுந்தாய். வயிற்றில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, உன் அம்மா தேநீர் எடுக்க வெளியே போனதும் நீ கேட்டாய்.

"நீ கண்டனிதானே? நான் துவக்கைக் கீழ வைச்சதை."

"கண்டனான்."

"பற்றரி எண்டு பொய் சொன்னனான்."

"தெரியும்."

நீ என் கையைப் பிடித்தாய். "விடடி. மற்றாக்களுக்குப் பட்டதை நீ சொல்லேலாதுதானே." சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிக்க நோவு வந்து வயிற்றைப் பொத்திக்கொண்டாய். அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வேன், சொல்லு? நீ என்னைத் திட்டியிருக்கலாம். பல்லைக் கடித்து ஒரு அறை விட்டிருக்கலாம். என்னை மன்னித்துவிட்டுப் போய்விட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ போய் எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, உன் வீட்டுக் குசினியில் உன் அம்மா என்னைத் தனியாகப் பிடித்தார். கையில் அகப்பை. "ஒவ்வொரு ஞாயிறும் நீதானே பிள்ளை கூடப் போனனி. உனக்கு ஒண்டும் தெரியாதோ?"

"இல்லை அன்ரி," என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. பட்டும் கையைத் தூக்காமல் நின்ற முதல் ஞாயிறு போலவே. இம்முறை ரயிலில் என்னிடம் கேட்க நீ இல்லை.

இன்று பின்னேரம் போனேன். இந்த மடலை இதுவரை எழுதிவிட்டு எழும்பி, நிலவறைக்குப் போய், அந்த எட்டுக் கிலோவைக் கீபோர்ட் உறையோடு தோளில் போட்டுக்கொண்டு அம்மருட்டுக்குப் போனேன். உன் அம்மா கதவைத் திறந்து, உறையைப் பார்த்து, "உள்ள வா," என்றார். இந்தத் தரம் திரைச்சீலையை மூடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருக்கச் சொன்னார். இருக்கவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன்: "அன்ரி, நான் பொய் சொன்னனான். எனக்குத் தெரியும். சித்திரையிலயே கண்டனான். அவளால தூக்க ஏலாமல் போச்சு. நான் கேக்கேல்லை." சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, என் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. விளையாட்டில் தூக்குவது போலவே. நான் நினைத்துத் தூக்கவில்லை.

உன் அம்மா உள்ளே போனார். வெளியே துரத்தத்தான் போகிறார் என்று நின்றேன். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் உன் காட்டுப் பச்சைக் காற்சட்டை. இடுப்பின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக நாலு தையல்.

"இது நீங்கள் வாங்கின அண்டைக்கு அடிச்சது. இது போன வருசம் மாசியில. இது சித்திரையில. இது வைகாசியில." ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டார். "'டயற்றில இருக்கிறன் அம்மா' எண்டாள். நானும் ஓமெண்டு சொல்லி ஒடுக்கிக் குடுத்தனான். இந்தக் கையாலதான் பிள்ளை அளந்தனான். எனக்குத் தெரியாமல் இருக்குமோ?"

ஆறுதல் என்று ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்று பேரும் ஒவ்வொரு கிழமையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பற்றரியையும் டயற்றையும் பற்றிக் கதைத்திருக்கிறோம்.

"கையைக் கீழ விடு பிள்ளை," என்றார். அப்போதுதான் விட்டேன்.

பிறகு உறையைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். முழங்கால்வரைதான் வந்தது. "இவ்வளவு பாரமோ? இதையோ என்ர பிள்ளை தூக்கித் திரிஞ்சவள்?" என்றார். நான் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அதை மெதுவாக உன் கட்டிலில் வைத்தோம். இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீ கொண்டுபோ என்றார். வைத்திருந்தால் தினமும் தூக்கிப் பார்ப்பாராம்.

அது இப்போது என் கதவடியில் இருக்கிறது. தோள்பட்டையில் பட்டி அழுத்திய தடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. வெள்ளைக் குண்டு சட்டைப் பையில். ஈர உடுப்பு இன்னும் காயப்போடவில்லை.

உன் விதி பிழையடி. விளையாட்டுக்குச் சரி, மற்ற எல்லாவற்றுக்கும் பிழை. உனக்குப் பட்டது. நான் கண்டேன். நீ தடுத்தாலும் உனக்குக் கேட்கும்படி, அந்தக் காடு முழுக்கக் கேட்கும்படி, உனக்காக நான் கத்தியிருக்க வேண்டும்.