இடுப்பு நாற்பத்து மூன்று

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தங்கை மூவரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, அதை நீயே இஞ்ச் கணக்கில் எழுதி அனுப்பிவிட்டாய்.

தங்கை கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க அளவு கேட்டேன். வந்த சீட்டைப் பார்த்தால், கல்யாணப் பெண்ணின் அண்ணனுக்குத் தைப்பதா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு உறை தைப்பதா என்று தெரியவில்லை. போன வருஷம் முப்பத்தாறு, இப்போது நாற்பத்திரண்டாம். உன் அறைத் தோழனுக்கு டேப் பிடிக்கத் தெரியவில்லை என்று திட்டி மறுபடி அளக்கச் சொன்னேன். பாவம், முதல் தடவை இரக்கப்பட்டிருக்கிறான், இப்போது நாற்பத்து மூன்று. கேட்டால், "பீர்தானேப்பா, வெறும் பார்லித் தண்ணி, உடம்புக்குக் குளிர்ச்சி" என்கிறாய். அடடா, எப்பேர்ப்பட்ட வைத்தியர் எனக்குப் பிள்ளையாக வந்து பிறந்திருக்கிறார்! தினமும் ஆறு பாட்டில் மருந்து சாப்பிட்டும் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாம், தூக்கமில்லையாம், வீங்கின காலில் ஷூ நுழையவில்லையாம், தோழன்தான் சொன்னான். குளிர்ச்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

இடுப்பைப் பார்த்துச் சிரித்தவன் மற்ற அளவுகளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்டா. சாப்பிட்டுக் கொழுத்தவனுக்குக் கையும் கழுத்தும் சேர்ந்தே பெருக்கும். உனக்குப் புஜம் ஒன்றரை இஞ்ச் குறைந்து வயிறு மட்டும் ஏறியிருக்கிறது. இப்படி ஓர் அளவை இதற்கு முன் ஒரே ஒருவருக்குத்தான் எழுதியிருக்கிறேன், நம் கடையில் துணி வெட்டிய கட்டிங் மாமாவுக்கு. அவரும் பீர் மட்டும்தான். தொப்பை தொப்பை என்று கிண்டல் பண்ணிக்கொண்டே இரண்டு தடவை தையலைப் பிரித்து அகலமாக்கிக் கொடுத்த முட்டாள் நான்தான். உள்ளே இருந்தது கொழுப்பில்லை, ஈரல் கெட்டுச் சேர்ந்த நீர் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கைமீறிவிட்டது.

அதனால் உன் துணியில் இன்னும் கத்தரி வைக்கவில்லை. கடிதம் கிடைத்த அன்றே போய் ரத்தப் பரிசோதனையும் வயிற்றுக்கு ஸ்கேனும் எடு. எத்தனை பாட்டில் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல், அங்கேயும் பார்லித் தண்ணி என்று அளக்காதே. வீராப்பாக ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம், வலிப்புகூட வருமாம், மருந்துக்கடைக்காரர் சொன்னார். டாக்டர் சொல்கிறபடி நிறுத்து.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை மறக்காமல் எனக்கு மட்டும் அனுப்பு. உன் அளவு மாறவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது வருஷத் தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அளவு அது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா